வாலில் உட்கார்ந்த இருவர்

வில்ஃப் தர்ல்வெல் முட்டை தின்னமாட்டான். பொரித்ததும் வேண்டாம், அவித்ததும் வேண்டாம், பக்கத்து வீட்டில் முட்டை வறுக்கிற வாசனை வந்தால்கூட எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவான். ஸ்கார்ன்மவுத் ஊரில் கப்பல் பட்டறைக்குப் போகிற எவனும் காலையில் ரெண்டு முட்டையும் பன்றிக்கறியும் உள்ளே தள்ளாமல் படி இறங்கமாட்டான். இவன் மட்டும் இருபத்தோரு வருஷமாகக் காய்ந்த ரொட்டியை டீயில் முக்கிக்கொண்டிருந்தான்.

"அவனுக்கு வயிறு ஆகாது" என்று அவன் பெண்டாட்டி எல்சி அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள். நல்லவேளை, அவன் வயிற்றைத் திறந்து பார்க்க யாருக்கும் அவசியம் வரவில்லை. அது கல்லையும் கரைக்கிற வயிறு.

அறுபத்திரண்டாம் வருஷம் செப்டம்பர் மாதம் மகள் மாரியன் ஒரு காகிதத்தைப் பைக்குள் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். ஊரிலுள்ள அச்சகத்தில் அவளுக்குப் பிழை திருத்துகிற வேலை. எல்சி மீன் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து வில்ஃபின் முன்னால் அதை விரித்தாள்.

"அப்பா, இதைப் படி. ஸ்குவாட்ரனோட சரித்திரமாம். கேப்டன் கோப் எழுதியிருக்காரு. வர்ற வாரம் மெஷின்ல ஏறுது."

வில்ஃப் கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். எண்பத்தேழாம் பக்கம். அதில் இருந்தது இதுதான்: 'அந்தப் பிப்ரவரியில் நாங்கள் மூன்றாம் நிலை சிப்பாய் எம். ஸ்டோபர்ட்டை இழந்தோம். விளையாட்டுப் புத்தி கொண்ட அந்த இளைஞன், உத்தரவு ஏதுமின்றி, ஓடத் தொடங்கிய விமானத்தின் வாலில் ஏறிச் சவாரி செய்தான். சிரித்துக்கொண்டே கையசைத்தான் என்று அவனுடைய தோழன் தர்ல்வெல் சாட்சி கூறியுள்ளான்.'

"என்னைப் பெத்தவரு, இந்த ஸ்டோபர்ட், கோமாளியாவே செத்தாருன்னு அம்மா சொல்லிக் கேட்டிருக்கேன். அதை இப்ப ஊரே காசு குடுத்து வாங்கிப் படிக்கப் போகுது. எடுக்கச் சொல்லுப்பா. நீ சொன்னா கேப்பாங்க, உன் பேருதானே போட்டிருக்கு."

வில்ஃப் காகிதத்தை மடித்தான். "பாக்கறேன்மா" என்றான்.

பார்க்க என்ன இருக்கிறது? கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவனே இவன்தான்!

அந்த ஸ்குவாட்ரனை, அதாவது அந்த விமானப் படைப்பிரிவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது விளங்காது. போருக்கு முன்னால் அது சனி ஞாயிறுப் படை. வாரத்தில் ஐந்து நாள் கார்ஸ்டேல் கப்பல் பட்டறையில் முதலாளி முதலாளியாக இருப்பார், ஆணி அடிக்கிறவன் ஆணி அடிப்பான். சனிக்கிழமை வந்தால் எல்லோரும் நீலச் சட்டை மாட்டிக்கொண்டு கடலோர மேட்டிலிருந்த விமானத் திடலுக்குப் போவார்கள். அங்கே முதலாளி வீட்டுப் பிள்ளை விமானம் ஓட்டுவான், ஆணி அடிக்கிறவன் வீட்டுப் பிள்ளை அதைத் துடைப்பான். தேசத்துக்காக எல்லோரும் ஒன்று என்று சங்கு ஊதினார்கள். ஒன்றாவது மண்ணாவது! பட்டறையை அப்படியே தூக்கிப் புல்வெளியில் வைத்து, மேலே ஒரு கொடியைக் குத்தியிருந்தார்கள், அவ்வளவுதான்.

வில்ஃபும் மேட்டி ஸ்டோபர்ட்டும் ஒரே தெருப் பையன்கள். இறக்கை, வால், சக்கரம் பார்க்கிற வேலை இருவருக்கும். சம்பளத்தோடு ஒரு ஜோடி நல்ல பூட்ஸும் கிடைக்கும் என்றுதான் சேர்ந்தார்கள். போர் வந்ததும் சனி ஞாயிறு போய் ஏழு நாளும் அதே திடலாகிவிட்டது. மேட்டி அப்போதுதான் எல்சியைக் கட்டியிருந்தான். அவள் வயிற்றில் ஐந்து மாசம்.

மேட்டி விளையாட்டுப்பிள்ளை என்று எழுதியிருக்கிறானே, அந்தக் கோப்பின் வாயில் புழு விழ. மேட்டிக்கு ஏணியில் ஏறினாலே கால் நடுங்கும். "நீ ஏறுடா வில்ஃப், நான் கீழ பிடிச்சுக்கறேன்" என்பான். உயரம் என்றால் அப்படிப் பயம் அவனுக்கு.

ஸ்பிட்ஃபயர் விமானத்துக்கு மூக்கு கனம், வால் லேசு. கடல் காற்று அடிக்கிற நாளில் தரையில் உருட்டிப் போகும்போது மூக்கு குத்திக் கவிழ்ந்துவிடும். அதனால் வாலுக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன், இரண்டு பேர் பாரமாக ஏறிப் படுத்துக்கொள்ள வேண்டும். அது உத்தரவு. திடலின் கோடிக்குப் போனதும் ஓட்டுகிறவன் நிறுத்துவான். இருவரும் இறங்கி, முன்னால் ஓடிவந்து, அவன் கண்ணில் படுகிற மாதிரி நின்று கட்டைவிரலைத் தூக்குவார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அவன் பறக்கலாம். பட்டறையில் பாரம் தூக்கும்போது கீழே ஆள் இல்லை என்று குரல் கொடுப்பார்கள் இல்லையா, அதே கதைதான். குரல் வராமல் தூக்கினவன் கொலைகாரன்.

ஆனால் அதிகாரிகளுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. மணி அடித்ததும் ஆறு விமானம் கிளம்பினால், கடைசியாகத் தரையை விட்டவன் அன்று சாயங்காலம் எல்லோருக்கும் ஷாம்பெயின் வாங்க வேண்டும். ஷாம்பெயின்! ஊரில் சர்க்கரைக்கு வரிசையில் நிற்கிறார்கள். ஹ்யூகோ கார்ஸ்டேல், பட்டறை முதலாளியின் ஒரே மகன், அந்த வாரம் இரண்டு முறை தோற்றிருந்தான். மூன்றாம் முறையும் தோற்றால் கேலி செய்வார்கள் என்று துரைக்கு மானப் பிரச்சினை.

அன்று காலை காற்று பேயாக வீசியது. மேட்டி இடப்பக்கம், வில்ஃப் வலப்பக்கம், கார்ஸ்டேலின் விமான வாலில் படுத்திருந்தார்கள். கோடிக்கு வந்தது. நிற்கவில்லை. அப்படியே திரும்பியது, இன்ஜின் சத்தம் ஏறியது.

"நிறுத்தலடா!" என்று மேட்டி கத்தினான். "வில்ஃப், நிறுத்தலடா அவன்!"

முதல் மேட்டில் வால் குதித்தபோது வில்ஃப் தூக்கி எறியப்பட்டான். இடது தோள் எலும்பு உடைந்தது. புரண்டு நிமிர்ந்து பார்த்தபோது விமானம் தரையை விட்டிருந்தது. மேட்டி செங்குத்து வாலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தான். முகம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. வாய் பிளந்திருந்தது. மாதாகோயில் கூரை உயரம் வரை அவன் பிடி விடவில்லை. விமானம் ஒருக்களித்துத் திரும்பியபோது கை நழுவியது. வேலிக்கு அப்பால், உறைந்து கிடந்த டர்னிப் கிழங்கு வயலில் விழுந்தான்.

கார்ஸ்டேல் பத்திரமாக இறங்கிவந்தான். "வால் ஏன் இவ்ளோ கனமா இருந்துச்சு?" என்று கேட்டானாம். ஆயுசுக்கும் மறக்காத கேள்வி அது.

அன்று மத்தியானம் வில்ஃப் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். ஸ்குவாட்ரனின் ஆபீஸ் வேலை பார்க்கிற அதிகாரி கோப் வந்தான். வழுவழு முகம், குரலில் வெண்ணெய் தடவியிருக்கும். கையில் ஏற்கனவே தட்டச்சு செய்த காகிதம்.

"தர்ல்வெல், மிஸ்டர் கார்ஸ்டேல் ரொம்ப உடைஞ்சு போயிட்டாரு, பாவம். நல்ல பைலட் இப்ப நாட்டுக்கு எவ்ளோ வேணும்னு உனக்குத் தெரியும்."

"சார், அவரு நிறுத்தவே இல்ல சார்."

"நீ தலையில அடிபட்டுக் கெடக்கறே. ஞாபகம் குழம்பும்." கோப் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். "ஆமா, உன் அப்பா கார்ஸ்டேல் பட்டறையில்தானே இருக்காரு? உன் தம்பி ரெண்டு பேரும்? நல்லா இருக்காங்களா?"

அவ்வளவுதான். ஒரு அதட்டல் இல்லை, மிரட்டல் இல்லை. நலம் விசாரித்தான். பாம்பும் சாக வேண்டும், கம்பும் உடையக் கூடாது என்று படித்துப் பட்டம் வாங்கின ஜாதி அது. வில்ஃபின் இடது தோள் கட்டுக்குள் இருந்தது, பாழாய்ப்போன வலது கைக்கு ஒரு கேடும் இல்லை. வாங்கினான். போட்டான் கையெழுத்தை.

கோப் போன கால் மணி நேரத்தில் ஒரு தட்டு வந்தது. மூடியைத் திறந்தால் வெண்ணெயில் பொரித்த இரண்டு முட்டை, பக்கத்தில் ரொட்டி. அப்போது முட்டை பைலட்டுகளுக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு டப்பாவில் வருகிற முட்டைத் தூள். "மிஸ்டர் கார்ஸ்டேல் அவரோட பங்கைக் குடுத்தனுப்பினாரு" என்றாள் நர்ஸ்.

வில்ஃப் நிஜ முட்டையைக் கண்டு இரண்டு மாசம் ஆகியிருந்தது. மேட்டி அப்போது பக்கத்துக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தான். சீச்சீ, இவன் தின்றான். வேண்டாம் என்று தள்ளவில்லை, அழுதுகொண்டேகூடத் தின்னவில்லை. பசித்தது, தின்றான். தட்டில் வழிந்த மஞ்சளை ரொட்டியால் சுத்தமாகத் துடைத்து அதையும் வாயில் போட்டுக்கொண்டான். ராத்திரியாவது வாந்தி வரும் என்று பார்த்தான். வரவில்லை. அருமையாகச் செரித்தது.

ஒரு மாசத்தில் அவன் சட்டைக் கையில் பதவி உயர்வாகக் கார்ப்பரல் பட்டையும் ஏறியது.

எல்சிக்கு ஸ்குவாட்ரனிலிருந்து கடிதம் போனது. தோளில் கட்டோடு வில்ஃபும் போனான். கதவைத் திறந்த அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீதானே பக்கத்துல இருந்தே. சொல்லு. வேடிக்கைக்கா ஏறினான்?"

"ஆமா."

"சிரிச்சானா?"

"சிரிச்சான்" என்றான்.

"அடப்பாவி!" என்றாள் எல்சி. அது செத்தவனுக்குச் சொன்னது. "வயித்துல ஒன்னைக் குடுத்துட்டு, அங்க போய் வித்தை காட்டியிருக்கான். சிரிச்சானாம்! சிரிக்கட்டும், மண்ணுக்குள்ள நல்லா சிரிக்கட்டும்." கல்லறைக்கு அவள் போகவில்லை. சவ அடக்கத்தன்று போனதோடு சரி. மாரியன் பிறந்த பிறகும் போகவில்லை. ஒரு பூகூட வைத்ததில்லை.

வில்ஃப் லீவு கிடைக்கும்போதெல்லாம் அந்த வீட்டுக்குக் கரி கொண்டுவந்து போட்டான். ஒழுகின கூரையை அடைத்தான், குழந்தைக்குத் தொட்டில் செய்தான். நாற்பத்து நாலில் எல்சி, "நீ போயிட்டுப் போயிட்டு வர்றதுக்கு இங்கயே இருந்துடேன்" என்றாள். பாவத்தைக் கழுவப் போனவன் அந்த வீட்டிலேயே மாப்பிள்ளையாகிவிட்டான். நல்ல புருஷன்தான், யாரும் குறை சொல்ல முடியாது. குடிப்பதில்லை, அடிப்பதில்லை. எப்போதாவது எல்சி பாத்திரம் கழுவிக்கொண்டே, "அந்தச் சிரிப்புக்காரன் இருந்திருந்தா என்னை இப்படி வச்சுக் காப்பாத்தியிருப்பானா?" என்பாள். அவனைப் புகழ்வதாக நினைத்துச் சொல்வாள். வில்ஃபுக்கு உடம்பெல்லாம் கூசும். பின்கட்டுக்குப் போய்த் துப்பிவிட்டு வருவான்.

இந்த லட்சணத்தில்தான் மாரியன் அந்தக் காகிதத்தை விரித்தாள்.

வருஷா வருஷம் செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஸ்குவாட்ரன்காரர்கள் கூடி, தேவாலயத்துக்கு அணிவகுத்துப் போய்விட்டு, மத்தியானம் டவுன் ஹாலில் விருந்து சாப்பிடுவார்கள். வில்ஃப் ஒரு தடவையும் போனதில்லை. அந்த ஞாயிறு கோட்டைத் தூசி தட்டிப் போட்டுக்கொண்டு போனான். மேடைமேல் அதிகாரிகளுக்கு வெள்ளைத் துணி விரித்த மேஜை, வைன். கீழே மற்றவர்களுக்கு மரப்பலகை, பீர். பதினேழு வருஷம் முன்னால் முடிந்த போர் சாப்பாட்டு மேஜையில் இன்னும் முடியவில்லை. ஆட்டுக்கறியின் கொழுப்பு தட்டில் வெள்ளையாக உறைந்து கிடந்தது. 'நம்மோடு இல்லாத நண்பர்களுக்காக' என்று கார்ஸ்டேல் எழுந்து கிளாஸைத் தூக்கினான். இப்போது பட்டறைக்கு அவன்தான் முதலாளி. கழுத்து மூன்று மடிப்பாக இருந்தது. எல்லோரும் குடித்தார்கள்.

விருந்து கலையும்போது வில்ஃப் மேடைக்கு ஏறினான். கார்ஸ்டேலுக்குப் பக்கத்தில் கோப் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான்.

"சார், நான் தர்ல்வெல். உங்க புத்தகத்துல எண்பத்தேழாம் பக்கம். மேட்டி ஸ்டோபர்ட்."

"ஸ்டோபர்ட்டா?" கார்ஸ்டேல் நெற்றியைச் சுருக்கினான். "யாருப்பா அது? சமையல்கட்டுல இருந்தானே, செம்பட்டை முடி, அவனா?"

வில்ஃப் அவனை வெறித்துப் பார்த்தான். நடிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தான். இல்லை. அந்த ஆளுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. இருபத்தோரு வருஷமாக இவன் முட்டை வாசனைக்கு ஜன்னல் சாத்துகிறான், கொன்றவனுக்குப் பெயர்கூடத் தங்கவில்லை.

"உங்க விமானத்தோட வால்ல இருந்து விழுந்தவன் சார். நீங்க நிறுத்தல. ஷாம்பெயினுக்காக நிறுத்தல."

கார்ஸ்டேலின் முகம் ஒரு நொடி இறுகியது. பிறகு சிரித்தான். "அட, அந்தக் காலமே ஒரு பைத்தியக்காரக் காலம், தர்ல்வெல். கோப், இவரைக் கொஞ்சம் கவனி" என்று சொல்லிவிட்டுத் தோளில் ஒரு தட்டு தட்டினான். உடைந்த அதே தோள். அடுத்த மேஜைக்குப் போய்விட்டான்.

கோப் பல்குச்சியைத் தட்டின் ஓரத்தில் வைத்தான். "நான் ஒரு வரியும் கற்பனை பண்ணல, தர்ல்வெல். உன் வாக்குமூலம் என்கிட்ட இருக்கு. உன் கையெழுத்து இருக்கு. நான் சரித்திரம் எழுதறவன், இருக்கறதைத்தானே எழுத முடியும்?"

"அது பொய் சார். உங்களுக்கும் தெரியும்."

"அப்படியா? அப்ப ஒன்னு செய். நாற்பத்தோராம் வருஷம் நான் பொய் சொன்னேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. எடுத்துடறேன்." கோப் புன்னகைத்தான். "ஆனா ஸ்டோபர்ட்டோட சம்சாரம் இப்ப உன் சம்சாரம்தானே? குடுக்கறதுக்கு முன்னாடி அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ. அதுதான் மரியாதை."

மறுபடியும் நலம் விசாரிக்கிறான்! அதே வெண்ணெய், அதே குரல். அவன் பல்லைப் பார்க்கப் பார்க்க வில்ஃபுக்கு அருவருப்பு பொங்கியது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், அந்த நாய் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. கையெழுத்து இவனுடையது. கோப் மை கொடுத்தான், அவ்வளவுதான். வில்ஃபுக்குத் தன் வலது கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அந்தக் கையாலேயே விருந்து அட்டை ஒன்றை எடுத்தான். முன்பக்கம் ஆட்டுக்கறி, புடிங் என்று அச்சடித்திருந்தது. பின்பக்கத்தைத் திருப்பி அங்கேயே, கோப்பின் மூக்குக்குக் கீழே எழுதினான். நிறுத்தவில்லை என்பதை எழுதினான். பந்தயத்தை எழுதினான். மேட்டி கத்தினதை எழுதினான். நான் பொய் சொன்னேன் என்று எழுதி, கடைசியில் இடம் இல்லாமல் ஓரத்தில் நெருக்கி, எனக்கு இரண்டு முட்டை கொடுத்தார்கள், தின்றேன் என்பதையும் எழுதினான். கையெழுத்துப் போட்டான்.

கோப் கையை நீட்டினான்.

"எடு கையை" என்றான் வில்ஃப். "முதல்ல எல்சி படிக்கணும்."

வீட்டுக்கு வந்தபோது மணி நாலு. எல்சி டீ போட்டுக்கொண்டிருந்தாள். "என்ன, தொரைங்களோட விருந்து முடிஞ்சுதா? ஷாம்பெயின் ஊத்தினாங்களா?" என்று கிண்டல் செய்தாள். அவன் அட்டையை மேஜையில் வைத்தான். மாரியன் மாடிப்படியில் வந்து நின்றாள்.

எல்சி நின்றபடி படித்தாள். பிறகு உட்கார்ந்து மறுபடியும் படித்தாள். கெட்டில் சீறிக்கொண்டே இருந்தது, யாரும் இறக்கவில்லை.

"கத்தினானா?" என்று கேட்டாள்.

"கத்தினான்."

"சிரிக்கல?"

"இல்ல எல்சி. பயந்துட்டான். உசரம்னா அவனுக்கு…"

"எனக்குத் தெரியும்டா!" என்று வீறிட்டாள். "என் புருஷனுக்கு உசரம்னா பயம்னு எனக்குத் தெரியும்! தெரிஞ்சும் நீ சொன்னேன்னு நம்பினேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும். இருபத்தோரு வருஷம், வில்ஃப். அவன் என்னைப் பார்த்து இளிச்சுக்கிட்டே செத்தான்னு இருபத்தோரு வருஷம் அவனைத் திட்டினேன். நீ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தே. என் கையால சோறு வாங்கித் தின்னுக்கிட்டே கேட்டே."

அவன் போய்க் கெட்டிலை இறக்கினான்.

எல்சி கோட்டை மாட்டிக்கொண்டு தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். மாரியன் கூடப் போனாள். இருட்டும்போது திரும்பினார்கள். எல்சி முழங்காலில் மண் ஒட்டியிருந்தது. மறுநாள் காலை மாரியன் அட்டையை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போய், அச்சக முதலாளி கண்ணெதிரே, அச்சுப் பார்க்க வந்திருந்த கோப்பிடம் கொடுத்தாள். அன்றிலிருந்து எல்சி வில்ஃபுக்குச் சோறு வைக்கவில்லை, அவனோடு பேசவில்லை, வீட்டை விட்டுப் போ என்றும் சொல்லவில்லை. வில்ஃப் சமையல்கட்டு மூலையில் தனக்கு ரொட்டி வெட்டிக்கொண்டான்.

நவம்பரில் புத்தகம் வந்தது. மாரியன் ஒரு பிரதி கொண்டுவந்து காலைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். எல்சி எண்பத்தேழாம் பக்கத்தைப் பிரித்தாள். பந்தயம் இல்லை, கார்ஸ்டேல் இல்லை, ஷாம்பெயின் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தான் அந்தச் சரித்திரக்காரன். ஆனால் சிரிப்பும் இல்லை. ஒரே ஒரு வரி: 'எம். ஸ்டோபர்ட், உத்தரவின்படி பணியில் இருந்தபோது இறந்தார்.'

எல்சி அந்த வரியின்மேல் விரலை வைத்து இரண்டு தடவை படித்தாள். புத்தகத்தை மூடினாள். எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, வாணலியில் வெண்ணெய் போட்டு, இரண்டு முட்டையை உடைத்து ஊற்றினாள். வில்ஃப் பழக்கத்தில் ஜன்னல் பக்கம் எழுந்தான்.

"உக்காரு" என்றாள். ஆறு வாரத்தில் முதல் பேச்சு.

தட்டை அவன் முன்னால் வைத்தாள். பக்கத்தில் ரொட்டி.

"தின்னு."

"எல்சி…"

"அவங்க குடுத்தப்ப தின்னே இல்ல? நான் குடுக்கறேன். தின்னு."

எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கையைக் கட்டிக்கொண்டாள். வில்ஃப் முதல் வாயை எடுத்தான். குமட்டியது, விழுங்கினான். கண்ணிலிருந்து நீர் ஒழுகி மீசையில் இறங்கியது, துடைக்காமல் அடுத்த வாயை எடுத்தான். எல்சி வேறெங்கும் பார்க்கவில்லை. இரண்டு முட்டையும் தீர்ந்தன. தட்டில் மஞ்சள் வழிந்திருந்தது.

"ரொட்டியால துடை" என்றாள் எல்சி.

அவன் துடைத்தான்.